கடிக்க முடியாத தட்டு

எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில். அதை எனக்காக வாங்கவில்லை, என் மனைவிக்காகவும் வாங்கவில்லை. ஒரு சின்சில்லாவுக்காக வாங்கினோம். சின்சில்லாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அணிலைவிடப் பெரிது, முயலைவிடச் சின்னது, சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று இருக்கும். எங்கோ தூரதேசத்தில் குளிர்மலை மேல் பிறந்திருக்க வேண்டிய ஜீவன். செங்கல்பட்டு வெயிலில் அரை நாள் விட்டால் சுருண்டு விழுந்துவிடும். என் மனைவி அதைச் செல்லம் என்பாள். நான் எலி என்பேன்.

அவள் நர்ஸ். சென்னையில் ஒரு பெரியவரைக் கவனித்துக்கொள்ளப் போன வீட்டில், அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது இதை இவள் கையில் கொடுத்துவிட்டார்கள். கூண்டோடு கொண்டு வந்து இறக்கினாள். அப்புறம் அவளுக்கே அயர்லாந்தில் வேலை கிடைத்தது. குளிரில் இருக்க வேண்டிய எலி இங்கே, செங்கல்பட்டில் இருக்க வேண்டிய பெண்டாட்டி அங்கே. இடையில் நான், மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கும் வேலைக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது மத்தியானம், டூட்டிக்குக் கிளம்பும் நேரம். எலி தின்றதா, புழுக்கை போட்டதா, அறை எவ்வளவு சூடு என்று வரிசையாகக் கேட்பாள். நான் கேமராவைக் கூண்டு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே நடப்பேன். எனக்கு ஓர் இடத்தில் நின்று பேச வராது. பேசி முடித்ததும் அவள் வைத்துவிடுவாள். நான் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருப்பேன்.

அந்த எலிக்கு ஒரே வேலை, கடிப்பது. கூண்டோடு வந்த தட்டுகள் பச்சைப் பிளாஸ்டிக். அது குதித்து ஏறி உட்கார மூன்று தட்டுகள், படிப்படியாக. அவற்றின் ஓரத்தைக் கொரித்துக்கொண்டே இருக்கும். வேலையில்லாதவன் நகம் கடிக்கிறான் என்றுதான் நான் விட்டுவைத்திருந்தேன். ஒருநாள் தின்பதை நிறுத்தியது. புழுக்கை சின்னதாகி, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. வாடகைக் கார் பிடித்து, ஏசியை முழுதாக வைக்கச் சொல்லி, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் சென்னைக்குக் கொண்டு போனேன். குடலில் பிளாஸ்டிக் துணுக்கு சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டு, சிரிஞ்சில் கூழ் ஊட்டி, எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார். "இன்னொரு வாட்டி பிளாஸ்டிக் உள்ள போச்சுன்னா என் கையில எதுவும் இல்ல. முதல்ல தட்டை மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது மடியில் கூண்டை வைத்துக்கொண்டு நான் நினைத்தது எலியைப் பற்றி அல்ல. இது செத்துப்போனால் அவள் என்னைக் கூப்பிட என்ன காரணம் இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நினைப்பு பரனூர் டோல்கேட் வரை இறங்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

தட்டை மாற்றுவது என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பி வலைத் தட்டு போடலாம் என்றால், எலியின் பாதத்தில் முடி கிடையாது, கம்பியில் நின்று நின்று புண்ணாகிவிடும் என்றாள் மனைவி. பிளைவுட் என்றேன். உள்ளே இருப்பதெல்லாம் பசை, கடித்தால் விஷம் என்றாள். பழைய ஜன்னல் பலகை ஒன்று பரண்மேல் கிடந்தது, அதில் பெயின்ட். போனில் அவள் "வேணாம்" என்று சொல்லும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் எடுத்துக் காட்டி, இது விஷமா இது விஷமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு நல்ல பலகையை இழுத்துப் போட்டுத் தட்டிக் காட்டினார். "மருந்து ஊற வச்ச மரம் சார். கரையான் கிட்ட அண்டாது."

"கரையான் வந்தா பரவால்ல அண்ணாத்த, மருந்து இருக்கக்கூடாது."

"இன்னா சார், ஊரே கரையானுக்குப் பயந்துகினு கீது, நீ கரையான் வர்ற மரமா கேக்குற?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு வேப்பம்பலகை ஒன்றைக் காட்டினார். வேம்பு நமக்கு மருந்து. இதற்கு என்னவோ, யாரிடம் கேட்பது? நான் எதற்காக என்று சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்கள்.

கடைசியில் பலகை கம்பெனியிலேயே கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பெட்டிகள் பைன் மரத்தில் செய்தவை. பூச்சி வராமல் இருக்க மரத்தைச் சூடு காட்டியிருந்தால் ஒரு முத்திரை, விஷப்புகை காட்டியிருந்தால் வேறு முத்திரை. ஸ்டோர் அதிகாரியிடம் அனுமதி வாங்கி, உடைத்துப் போட்ட பலகைகளைப் புரட்டிப் புரட்டி, சூடு காட்டிய முத்திரை தெளிவாக இருந்தவற்றை மட்டும் எடுத்தேன். பாதி அறுந்துபோன முத்திரை இருந்தவற்றை அங்கேயே போட்டுவிட்டேன். ஆணி பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட் வைத்து முடுக்கினேன். எலிக்குக் கொண்டாட்டம். பைன் கடித்தால் கெடுதல் இல்லை, கடித்துக்கொள்ளட்டும் என்றாள் அவள். நானும் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன்.

அது கடித்ததோ போல்ட்டைச் சுற்றி. இவ்வளவு பெரிய பலகையில் அதற்கு வேறு இடம் தெரியவில்லை. ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது மேல்தட்டு ஒருபக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது கீழே மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதன் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே கத்திரி வெயிலும் தொடங்கியது. கரண்டு போனால் எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனைச் சுழற்றும், ஏசியை ஓட்டாது. ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டைச் சுற்றி அடுக்கினேன். வேலையில் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, கரண்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் முதலில் பதில் சொன்னார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

"மரம் இருக்கட்டும். படுக்கிற தட்டு மட்டும் கல்லுல போடு" என்றாள் மனைவி. "கருங்கல்லு சில்லுனு இருக்கும். கரண்டு போனாலும் அது மேல படுத்துக்கும். கடிக்கவும் முடியாது."

"கல்லுக்கு எங்க போறது?"

"எங்கண்ணன்கிட்ட இல்லாத கல்லா?" என்றாள். சொன்ன கையோடு, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.

அவள் அண்ணனுக்கு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை. இவள் வெளிநாடு போனதில் அவருக்கு என்மேல் தாங்க முடியாத கோபம். ஒரு கல்யாணப் பந்தியில், நான் கேட்கும்படியாகவே, "தங்கச்சிய கடல் தாண்டி அனுப்பிட்டு, இவன் ஏசியில படுத்துக்கினு கீறான்" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். அவள் போகப் பிரியப்பட்டாள், நான் தடுக்கவில்லை, நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் நின்று சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தங்கையிடமும் அவர் பேசவில்லை.

லீவு நாளில் வண்டியை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று இருந்தது. பட்டறையில் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அறுக்கும் மெஷின் சத்தத்தில் காது அடைத்தது. மச்சான் ஒரு பிள்ளையாரின் காதருகே உளி வைத்துக்கொண்டிருந்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்துவிட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வா மாப்ள. ஏசிய வுட்டு வெளிய வர வழி தெரிஞ்சுதா?"

"ஒரு கல்லு வேணும் மச்சான்."

"சாமியா, அம்மியா?"

"எலி படுக்க."

மெஷினை நிறுத்தச் சொன்னார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். முழுதாகச் சொன்னேன். பிளாஸ்டிக் தின்றது, டாக்டர் சொன்னது, போல்ட்டைச் சுற்றிக் கடித்தது எல்லாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவளா கல்லு கேட்டா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஓரத்தில் கிடந்த சாம்பல் நிறத் துண்டு ஒன்றைக் காலால் நகர்த்திப் பார்த்தார். நான் கொண்டுபோன அளவை வாங்கிக்கொண்டார். மேலே தொங்கவிடாதே, விழுந்தால் நசுங்கிவிடும், கூண்டின் அடிச்சட்டத்தில் நாலு பக்கமும் உட்கார்கிற மாதிரி செய்கிறேன், விளிம்பை உருட்டிவிடுகிறேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, டீயை முழுதாகக் குடிக்காமலே கிளம்பினேன்.

அடுத்த வாரம் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். கோணியில் சுற்றிய கல் பக்கத்தில். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார். "இம்மாத்தூண்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார். கோணியைப் பிரித்தபோது எனக்கே வாய் திறந்துவிட்டது. பட்டறையில் சாம்பலாகப் பார்த்த கல் இப்போது கன்னங்கரேல் என்று பளபளத்தது. வேறு நல்ல கல் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கூண்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. எலி வந்து முகர்ந்து பார்த்து, ஏறி, வயிறு பரப்பிப் படுத்துக்கொண்டது. மச்சான் முகத்தில் ஒரு பெருமை. நான் தோசை சுட்டேன். சாப்பிட்டுவிட்டு ஏசிக் காற்றில் கொஞ்சம் தலை சாய்த்தவர் அப்படியே குறட்டைவிடத் தொடங்கினார். ஏசியில் படுத்துக்கினு கீறது யாரு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

சாயங்காலம் கூண்டைத் திறந்தபோது எலியின் வயிறு கருப்பாக இருந்தது. தொட்டேன். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய முடி பிசுக்கென்று கையில் ஒட்டியது. என் விரலும் கருப்பு. அது கழுத்தை வளைத்துத் தன் வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.

மச்சானை உலுக்கி எழுப்பினேன். "கல்லுல இன்னா தேச்சீங்க?"

"நல்லெண்ணெ" என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "எண்ணெயும் கரியும். செதுக்கி முடிச்சா தேச்சித்தானே அனுப்புவோம். வெறுங்கல்ல எப்படிக் குடுக்கறது? அதுவும் அவ கேட்டு வுட்ட கல்லு."

நான் கத்திவிட்டேன். அந்தப் பிராணியின் முடியில் எண்ணெய் ஏறினால் உடம்புச் சூடு வெளியே போகாது, தண்ணீரில் குளிப்பாட்டவும் முடியாது, நக்கினால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும் என்று என்னென்னவோ சொன்னேன். பாவம், இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? காலமெல்லாம் சாமிக்குச் செய்கிற மரியாதையைத்தான் அவர் இந்த எலிக்கும் செய்திருந்தார். அவர் எழுந்து, அலமாரியில் தொங்கிய தங்கையின் பழைய காட்டன் புடவையை உருவி, எலியை அதில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். நக்க முடியாதபடி கழுத்தை இரண்டு விரலால் பிடித்தார். பிள்ளையாரின் காதைச் செதுக்கிய விரல்கள். அது துள்ளவே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லெண்ணெய் என்பதால் பயம் குறைவு, கரி அதிகம் உள்ளே போகாமல் பாருங்கள், சோளமாவு தூவித் துடைத்துத் துடைத்து எடுங்கள், அப்புறம் அதன் குளியல் தூசியில் புரள விடுங்கள், தின்று புழுக்கை போட்டுவிட்டால் கவலை இல்லை என்றார். சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. எரிமலைச் சாம்பல் மாதிரி மெல்லிய தூசி ஒன்று பாக்கெட்டில் வரும், அதில்தான் புரளும். டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு கை அளவுதான் இருந்தது.

"தூசிதானே" என்றார் மச்சான். "எங்க பட்டறையில மூட்ட மூட்டையா கீது. மாவாட்டம் இருக்கும். போன் பண்ணா யாராச்சும் எடுத்தாந்துடுவாங்க."

"அய்யோ, கல்லுத் தூசி ஆவாது மச்சான். உள்ள போனா நுரையீரல அரிச்சிடும். செத்துப்பூடும்" என்றேன், சோளமாவைத் தேடிக்கொண்டே.

மாவு டப்பா கையில் கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் எலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுமடலின் மடிப்பில், கழுவியும் போகாத வெள்ளை. நான் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆவாதுன்னா வாணாம்" என்றார் மெதுவாக. "மாவு போடு."

அவர் பிடிக்க, நான் தூவ, முடியைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தோம். மாவு கருத்து உதிர்ந்தது, மறுபடி தூவினோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறம் தெரிந்தது. பிறகு அவர் எலியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். எண்ணெய் தேய்க்காத அடிப்பக்கத்தை மேலாக்கி, தேய்ப்புக் கல் போட்டு, தண்ணீர் ஊற்றி வழவழப்பாக்கும் சத்தம் கேட்டது. கருப்புப் பக்கத்தைப் பாத்திரம் தேய்க்கும் தூளும் வெந்நீரும் போட்டுப் பிசுக்குப் போகும் வரை தேய்த்துக் கழுவினார். நான் எலியோடு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். வைக்கோலை நீட்டினேன், வாங்கவில்லை. மூக்கருகே வைத்தேன், திருப்பிக்கொண்டது. இந்த முறை போய்விடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிட்டாள்.

எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்தேன், வழக்கம்போலக் கூண்டு பக்கம் கேமராவைத் திருப்பினேன். அங்கே கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஈரக்கல்லைத் துணியால் ஒற்றி உள்ளே பொருத்திக்கொண்டிருந்தவர் அவள் அண்ணன்.

"அண்ணனா அது?" என்றாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். போனைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டே, "நான்தாம்மா எண்ணெ தேச்சிட்டேன். இவரு மேல தப்பு இல்ல" என்றார். ஒரு வருஷத்துக்குமேல் பேசாதவர் முதலில் பேசியது இதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். தூசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். அதையும் அவரே சொன்னார். "எங்க தூசி அதுக்கு ஆவாதாம்மா."

"உனக்கும் ஆவாதுண்ணே" என்றாள். "எத்தினி வாட்டி மாஸ்க் வாங்கிக் குடுத்துட்டுப் போனேன். போட்டியா நீ?"

"நாளைலருந்து போட்டுக்கிறேன்" என்றார் அவர், அதட்டப்பட்ட பிள்ளை மாதிரி.

எலியைக் கூண்டில் விட்டோம். அது மிச்சமிருந்த ஒரு கைத் தூசியில் இரண்டு புரளல் புரண்டது. தட்டின் மேல் ஏறியது, இறங்கியது. வைக்கோல் பக்கம் போய் ஒன்றை இழுத்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், ஒருத்தி அயர்லாந்திலிருந்து. மெல்லும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துக் கல்லின் மேல் ஒரு புழுக்கை விழுந்தது. நல்ல பருமனாக, நீளமாக. மச்சான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து போனுக்கு நேரே காட்டினார். அவள் சிரித்தாள். அவர் கை கழுவப் போனார்.

"இன்னும் கிட்டக்கப் பாக்குறியா? தட்டு ஓரம் நல்லா உருட்டிக்கீறாரு பாரு" என்று நான் போனைக் கம்பிக்குள் நீட்டினேன்.

"போதும். கேமராவத் திருப்பு."

"இல்ல, இப்ப கல்லு மேல—"

"திருப்புன்னு சொல்றேன்ல. தெனம் போன எடுத்த வுடனே கூண்டக் காட்டிட்டு ஓடிக்கினே கீற. உன் மூஞ்சியப் பாத்து எத்தினி நாளாச்சு தெரியுமா? எதுனா கேட்டாத்தான் நீ பேசுவ, அதனால அத்தப் பத்திக் கேட்டுக்கினு கீறேன்."

நான் திருப்பினேன். மாவும் கரியுமாக என் முகத்தை நானே அந்த மூலைச் சின்னக் கட்டத்தில் பார்த்தேன். மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "இது செத்துட்டா நீ கூப்பிட மாட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

"லூசு" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "அது செத்திருந்தா உன் மூஞ்சியாவது பாத்திருப்பேன்."

உட்காரு என்றாள். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, இருவரும் வைக்கவில்லை.